மூன்று கிலோ நூறு

மலை ஏறுவது எதற்கு என்று கார்மேகத்திடம் கேட்டால், மறுபடி இறங்குவதற்குத்தான், வேறென்ன என்பார். பதினான்கு வருஷமாக ஏறி இறங்கிய மனுஷன் சொல்வதை யார் மறுத்துப் பேச முடியும்? ஆட்டைச் சுடுவது அர்பாப். செத்த ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரிப்பதும் அர்பாப். அவருடைய துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, பின்னாலேயே ஏறுவது மட்டும் கார்மேகம்.

அர்பாப் என்றால் முதலாளி. மூசா என்று பெயர், எழுபத்தொரு வயது. ஃபுஜைராவில், மசாஃபி மலையடிவாரத்தில் பேரீச்சந்தோட்டம் வைத்திருக்கிறார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. தான் சாப்பிடும் தட்டிலேயே கறியைக் கிழித்துக் கார்மேகத்தின் பக்கம் தள்ளிவிடுகிற ஆள்தான். அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச, கமுதிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவர் கார்மேகம். ஒருநாள் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற மலையில் தண்ணீர்க் குழாயைச் சுமந்துகொண்டு மடமடவென்று ஏறுவதை அர்பாப் பார்த்துவிட்டார். பார்த்திருக்க வேண்டாம். பிடித்தது சனி.

இந்த ஊர் மலைகளில் வேட்டைக்குத் தடை. அதனால் நவம்பர் வந்தால் அர்பாப் கிர்கிஸ்தானுக்கு விமானம் ஏறிவிடுவார். அங்கே பர்மிட் வாங்கிக்கொண்டு மலையாடு சுடலாம். குதிரை போகிற தூரம் குதிரை, அதற்கு மேலே கால்நடை. அந்த நாட்டு வழிகாட்டிகள் இரண்டு பேர் கூடவே வந்தாலும், தன் துப்பாக்கியை அந்நியன் தோளில் ஏற்ற அர்பாபுக்கு மனசு வராது. கார் ஓட்டுகிற கலீல் ரஹ்மானுக்கோ மலையைப் பார்த்தாலே தலை சுற்றும். அப்புறம் யார் மிச்சம்? கார்மேகம்தான்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். துப்பாக்கி கார்மேகத்தின் தோளில், அதன் போல்ட் அர்பாபின் பையில். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத்தண்டு. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். ஆடு கண்ணில் படும்வரை அதை அர்பாப் வெளியே எடுத்ததில்லை, யார் கையிலும் கொடுத்ததில்லை. கார்மேகம் சுமந்ததெல்லாம் குழாயைத்தான். தேக்குமரக் கனத்தில் கட்டை, தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற தடித்த ஸ்கோப், தோள்வார், முன்னால் மடிந்து நிற்கிற இரண்டு கால், எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோ இருநூறு.

ஐந்து கிலோ ஒரு கனமா என்று கேட்பவர்கள், ஐந்து கிலோ அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து நாள் பனியில் ஏறிவிட்டு வந்து கேட்கட்டும். போன நவம்பரில் இறங்கும்போது சறுக்கிவிட்டது. விழுகிற அந்த நொடியில்கூட, ஸ்கோப் உடைந்துவிடக் கூடாது என்று துப்பாக்கியைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாரே, அதை என்னவென்று சொல்ல! பாறையில் இடித்தது வலது முழங்கால். ஸ்கோப்புக்கு ஒரு கீறல் இல்லை. முட்டிதான் அன்றிலிருந்து மாடிப்படியைக் கண்டால் பயப்படுகிறது.

போதும் என்று ஆகிவிட்டது கார்மேகத்துக்கு. ஐம்பத்து நான்கு வயது. மகள் அருணாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கோபமில்லை, சண்டையில்லை, அலுத்துவிட்டது, அவ்வளவுதான். ஊருக்குப் போய்விட வேண்டும். லீவில் போய் நாற்பது நாளில் திரும்புகிற போக்கு இல்லை, ஒரேயடியாக விசா கேன்சல் செய்துவிட்டுப் போகிற போக்கு. அதைத்தான் அவரால் அர்பாபிடம் வாயைத் திறந்து கேட்க முடியவில்லை. மூன்று வருஷமாகச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தார். "ஊர்ல வீட்டைப் பாக்க ஆளில்ல அர்பாப்" என்றார். "இன்ஷா அல்லாஹ், வேட்டை முடியட்டும்" என்றார் அர்பாப். அடுத்த வருஷம், "வயசாகுது அர்பாப்" என்றார். "எனக்கும்தான். வேட்டை முடியட்டும்." வேட்டை முடியும். வரும்போதே அடுத்த வேட்டைக்குத் தேதி குறித்துக்கொண்டு வருவார் அர்பாப்.

கமுதியில் மனைவி கருப்பாயி இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனாள். "இந்த வருசம் ஒரேயடியா வந்துருவேன்" என்று இவர் போனில் சொன்னால், "சரிசரி, பெட்டியத் தராசுல போட்டதுக்கப்புறம் சொல்லுங்க" என்பாள். அவளுக்கு அதுதான் அத்தாட்சி. கல்ஃபில் இருக்கிறவன் எவனிடம் வேண்டுமானாலும் பாருங்கள், கைக்கடக்கமான ஒரு லக்கேஜ் தராசு இருக்கும். மேலே பிடி, கீழே கொக்கி, நடுவில் எண் காட்டுகிற சின்னக் கண்ணாடி. கார்மேகம் பத்து முறை லீவில் போயிருக்கிறார். பத்து முறையும் சோப்பு, பால் பவுடர், தைலம், போர்வை என்று அடைத்து, முப்பது கிலோவுக்கு ஒரு கிராம் குறையாமல் தூக்கிக்கொண்டு போனவர். பெட்டியைத் தொங்கவிடும்போது கருப்பாயி போனில் இருப்பாள். "எவ்வளவு காட்டுது?" என்பாள். அவர் எண்ணைச் சொன்ன பிறகுதான் வருகிறார் என்று நம்புவாள்.

இப்படி இருக்கும்போது அக்டோபர் தொடக்கத்தில் அர்பாப் ஒருநாள் காலை அரபிக் காப்பியான காவாவைக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"கார்மி, இந்த வருஷம் புதுத் துப்பாக்கி வாங்கணும். லேசானது. மலை வருஷா வருஷம் உசந்துகிட்டே போகுது."

அர்பாபின் வாயில் முழுப் பெயர் நுழையாது, கார்மிதான். அவர்கள் பேசிக்கொள்வது பாதி அரபி, பாதி உருது, மீதி கையசைவு. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்.

"அபுதாபியில ஒரு கடை இருக்கு. நீயும் வா. எடையை நீ பாரு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

கார்மேகத்துக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஆகா, கிழவருக்கும் அலுத்துவிட்டது, இனித் தானே தூக்கலாம் என்று பார்க்கிறார்! துப்பாக்கி லேசாக இருந்தால் அர்பாபே மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொண்டால் சுமக்க ஆள் வேண்டாம். சுமக்க ஆள் வேண்டாம் என்றால் கார்மேகம் எதற்கு? கலாஸ், முடிந்தது, ஊருக்குப் போகலாம். கேட்காமலே காரியம் முடிந்துவிடும். கேட்காமல் முடிகிற காரியத்தைப் போல இனிப்பானது கார்மேகத்துக்கு உலகத்தில் வேறில்லை.

அறைக்குப் போய் அலமாரியிலிருந்து லக்கேஜ் தராசை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கடையில் வேலை பார்த்தது விஜயபாஸ்கர் என்று ஓர் இளைஞன். ஈரோட்டுக்காரன். இவர் முகத்தைப் பார்த்ததும், "வாங்கண்ணா, தமிழுங்களா?" என்றான். அர்பாப் கடை முதலாளியோடு உட்கார்ந்து காவா, பேரீச்சை, குடும்ப நலம் என்று ஆரம்பித்தார். அது அரைமணி நேரத்துக்கு ஓடும். கார்மேகம் கண்ணாடி மேசைக்கு அருகில் போனார்.

"இருக்கறதுலயே லேசானதை எடு தம்பி."

அவன் மூன்று துப்பாக்கிகளை எடுத்து மெத்தென்ற துணியில் வைத்தான். விலைச்சீட்டில் எடை அச்சிட்டிருந்தது. முதலாவது மூன்று கிலோ ஐந்நூறு, அடுத்தது மூன்று கிலோ, கடைசியில் இருந்தது இரண்டு கிலோ இருநூறு. கடைசியது கறுப்பாய், எலும்பும் தோலுமாக இருந்தது. கார்பன் நார் சுற்றின குழல், டைட்டானியம் உடம்பு என்று அவன் சொல்லிக்கொண்டே போனான்.

"இந்தச் சீட்டையெல்லாம் நம்ப முடியாது தம்பி. பொண்ணுக்கு நகை போடாம எடை போட்ட மாதிரி. ஸ்கோப்ப மாட்டு. அந்த இரும்பு வளையத்தையும் சேத்து மாட்டு. தோள்வாரையும் போட்டு, போல்ட்டக் கழட்டிட்டுக் குடு. அது அவரு பையில வரும்."

அவன் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தான். கார்மேகம் சட்டைப்பையிலிருந்து லக்கேஜ் தராசை எடுத்தார். விஜயபாஸ்கர் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"அண்ணா, ஊருக்குப் பெட்டி கட்டற தராசுங்களா அது?"

"அதேதான். இதுவரைக்கும் ஏர்போர்ட்டுல என்னைய ஏமாத்தினதில்ல."

தோள்வாரில் கொக்கியை மாட்டித் தூக்கினார். முதலாவது, நான்கு கிலோ நானூறு. அடுத்தது மூன்று தொள்ளாயிரம். கறுப்பு எலும்பன் ஆடாமல் நின்று காட்டியது மூன்று கிலோ நூறு. கார்மேகம் அதைத் தோளில் மாட்டிக் கடைக்குள்ளேயே நாலு எட்டு நடந்து பார்த்தார். தோளில் ஏதாவது இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. அட பாவிகளா, பதினான்கு வருஷத்துக்கு முன்னாலேயே இதைக் கண்டுபிடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா!

"இதுதான். கட்டிக் குடு."

விஜயபாஸ்கர் சிரிப்பை நிறுத்தினான். அர்பாபின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணா, சுடப் போறது அவருங்களா? அப்படின்னா நடுவுல இருக்கறதை எடுங்க. துப்பாக்கி கனமா இருந்தா, சுடறப்பப் பின்னால உதைக்கற உதையைத் தானே வாங்கிக்கும். இது லேசுங்க, அப்படியே தோளுக்குக் குடுத்துரும். வயசானவருங்க. தோளு தாங்காதுங்க. சரியாப் பிடிக்கலைன்னா ஸ்கோப்பு வந்து கண்ணுமேல அடிக்கும்."

"நடுவுல இருக்கறது மூணு தொள்ளாயிரம்."

"எண்ணூறு கிராம்தானுங்கண்ணா வித்தியாசம்."

எண்ணூறு கிராம். அந்த எண்ணூறு கிராமை அர்பாப் தூக்கமாட்டார் என்று கார்மேகத்துக்குத் தெரியும். தூக்கமாட்டேன் என்றால் யார் தலையில் விழும் என்பதும் தெரியும்.

"தம்பி, ஒனக்கு ஒரு விசயம் சொல்றேன். இத அவரே தூக்கிக்கிட்டாருன்னா நான் ஊருக்குப் போயிருவேன். ஒரேயடியா. நீ உதையப் பத்தி அவருட்ட ஒண்ணும் பேசாத."

"ஊருக்குப் போகணும்னா நோட்டீஸ் குடுத்துட்டுக் கிளம்புங்களேன். இப்பத்தான் அதுக்குச் சட்டமெல்லாம் இருக்குதுங்களே."

"இருவத்திரண்டு வருசம் அவரு தட்டுல கை வச்சுச் சாப்பிட்டுருக்கேன். நோட்டீஸ் குடுக்குற எடமா அது?"

விஜயபாஸ்கர் தலையைச் சொறிந்தான். அவனுக்குப் புரியவில்லை. சொல்லப்போனால் எனக்கும் புரியவில்லை. தட்டில் கை வைக்கிற உரிமை உள்ளவனுக்கு, 'போகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்கிற உரிமை இல்லாமல் போகுமா? ஆனால் கார்மேகத்தைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் நன்றிகெட்டவன் ஆகிவிடுவோமோ என்று பயந்து, ஜாடை காட்டியே காலத்தை ஓட்டுகிறவர்கள்.

அர்பாப் எழுந்து வந்தார். கறுப்புத் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ்! உதைக்குமா?" என்று கேட்டார். விஜயபாஸ்கர் கார்மேகத்தைப் பார்த்தான். கார்மேகம் தரையைப் பார்த்தார். "கொஞ்சம் உதைக்கும் சார். பழகினாச் சரியாப்போகும்" என்றான் அவன். கலாஸ். துப்பாக்கி பெட்டிக்குள் போயிற்று.

லைசென்ஸ் தாள்களெல்லாம் முடிந்து, இரண்டு வாரம் கழித்து ஷூட்டிங் கிளப்புக்குப் போனார்கள். மணல்மேட்டுக்கு முன்னால் இருநூறு மீட்டரில் அட்டை நின்றது. அர்பாப் மேசையில் உட்கார்ந்து, பையிலிருந்து போல்ட்டை எடுத்து மாட்டினார். கார்மேகம் பின்னால் நின்றார். சொல்லிவிடலாமா? தோளில் நன்றாக அழுத்திப் பிடியுங்கள், கண்ணைத் தள்ளி வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொன்னால், ஏன் கடையிலேயே சொல்லவில்லை என்பார்.

முதல் குண்டு போனது. அர்பாபின் உடம்பு பின்னுக்குப் போய் வந்தது. "குவ்வா!" என்று சிரித்தார், நல்ல பலம் என்று அர்த்தம். இரண்டாவது குண்டுக்குச் சிரிப்பு இல்லை, தோளைத் தடவிக்கொண்டார். மூன்றாவது குண்டுக்கு முகத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய்விட்டார் போலிருக்கிறது. வெடிச்சத்தத்தோடு, இரும்பு எலும்பில் தட்டுகிற சத்தமும் சேர்ந்து கேட்டது.

வலது புருவத்துக்கு மேலே, ஸ்கோப்பின் விளிம்பு பிறை மாதிரி வெட்டியிருந்தது. ரத்தம் வெள்ளைத் தாடிக்குள் இறங்கியது. கார்மேகம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அழுத்திப் பிடித்தார். அடப்பாவி, உன்னால் ஒரு கிழவரின் கண் போயிருக்கும், கால் இஞ்ச் கீழே இறங்கியிருந்தால் போயிருக்கும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது.

"மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்" என்றார் அர்பாப். ஒன்றுமில்லையாம். ரத்தம் வழிகிற முகத்தோடு, கார்மேகத்தின் தோளில் தட்டினார். "எதுக்குடா முகத்தை இப்படி வச்சிருக்கே? நான் வருஷத்துக்கு ஒரு குண்டு சுடறவன். ஒரு குண்டு உதைச்சா உதைச்சுட்டுப் போகுது. தினமும் தூக்கறவன் நீ. போன வருஷம் நீ விழுந்ததை நான் பாக்கலைன்னு நினைச்சியா? உன் முட்டிக்காகத்தான் இதை வாங்கினேன். இதோட எடைக்கு நீ இன்னும் பத்து வருஷம் தூக்கலாம்!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது இதுதான். பத்து வருஷம்! தானே தராசு கொண்டுபோய், தானே எடை பார்த்து, தானே தேர்ந்தெடுத்த கைவிலங்கு. கிழவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால்கூடக் கோபப்படலாம். இதற்கு எப்படிக் கோபப்படுவது? காரில் வரும்போது கார்மேகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கலீல் ரஹ்மான் இரண்டு முறை கண்ணாடியில் பார்த்துவிட்டு, "க்யா ஹுவா பாய்?" என்றான். இவர் கையை மட்டும் ஆட்டினார்.

வேட்டைக்கு முந்திய வாரங்களில் காலைநேரம் ஒத்திகை ஏற்றம் உண்டு. தோட்டத்துக்குப் பின்னால் ஒரு கல்கோபுரம், பழைய காவல் கோபுரம். அதுவரை ஏறி இறங்குவார்கள். ஐந்து வளைவுகள். அர்பாபின் மூச்சைப் பழக்க என்று பெயர்.

மறுநாள் காலை அர்பாப் புருவத்தில் பிளாஸ்திரியோடு வந்தார். போல்ட்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, எப்போதும்போலப் பேசாமல் துப்பாக்கியை நீட்டினார்.

கார்மேகம் கையை நீட்டவில்லை.

"இன்னைக்கு நீங்க தூக்குங்க அர்பாப்."

கிழவருக்குக் காது கேட்கவில்லையோ என்னவோ, இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்த முடியாது.

"நீங்களே தூக்கிக்குவீங்கன்னுதான் இதை எடுத்தேன். உதைக்கும்னு கடைப்பையன் எங்கிட்டச் சொன்னான். நான்தான் அவனைச் சொல்ல வேணாம்னேன். உங்க ரத்தம் என்னாலதான் வந்துச்சு. எனக்கு ஊருக்குப் போகணும் அர்பாப். லீவு இல்ல. ஒரேயடியா. எனக்கு முடியல."

சொல்லி முடித்ததும், மூன்று வருஷமாக எதற்குப் பயந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. ஒரு மலை இடிந்து விழவில்லை. பேரீச்சை மரத்தில் ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அர்பாப் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். திட்டுவார் என்று கார்மேகம் காத்திருந்தார். திட்டவில்லை. துப்பாக்கியைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "யல்லா, போகலாம்" என்று மட்டும் சொல்லி ஏற ஆரம்பித்தார். அந்த நடையில் வீம்பு இருந்தது. நான் தூக்கமாட்டேனா, பார் என்கிற வீம்பு.

கார்மேகம் பின்னாலேயே போனார். கையில் ஒன்றுமில்லாமல் அந்தப் பாதையில் ஏறுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. முதல் வளைவில் அர்பாப் நின்றார். பிளாஸ்திரிக்குக் கீழே வியர்வை ஓடியது. எப்போதும் இங்கே, கார்மேகம் இடது கையை மெல்ல அவர் முழங்கைக்குக் கீழே கொடுப்பார். இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இன்று கொடுக்கவில்லை. கொடுக்கப் போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அது அவருக்குத் துப்பாக்கி தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது வளைவுக்கு அர்பாப் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே சரிந்து உட்கார்ந்தார். துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டார். மார்பு ஏறி ஏறி இறங்கியது. வெகுநேரம் கழித்துக் கையை நீட்டினார்.

"உன் தராசு இருக்கா?"

கடைக்குப் போன நாளிலிருந்து அது கார்மேகத்தின் சட்டைப்பையில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்தார். அர்பாப் தோள்வாரில் கொக்கியை மாட்டி, உட்கார்ந்தபடியே தூக்கினார். எண் ஆடி ஆடி நின்றது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

"மூணு கிலோ நூறு."

"ஆமா அர்பாப்."

"இது சரியாக் காட்டுமா?"

"காட்டும். ஏர்போர்ட்டுல சரியா இருக்கும்."

அர்பாப் துப்பாக்கியைத் திரும்ப மடியில் இறக்கினார். மலைக்கு மேலே கோபுரம் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப துப்பாக்கி லேசுதான். நான்தான் கனம்" என்றார்.

கார்மேகத்துக்கு இல்லை என்று பொய் சொல்ல வாய் வந்தது, விழுங்கிக்கொண்டார்.

"எத்தனை வருஷமா?"

"மூணு வருசமா அர்பாப். துப்பாக்கி வலது தோளுல. நீங்க இடது கையில."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கல."

"நீயும்தான் ஊருக்குப் போகணும்னு கேக்கலை."

"கேட்டேன் அர்பாப். உங்களுக்குக் கேக்குற மாதிரி கேக்கல."

கிழவர் சிரித்தார். சிரித்ததில் புருவம் வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். அப்புறம் பையில் கையை விட்டு போல்ட்டை எடுத்தார். கார்மேகத்தின் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார். பதினான்கு வருஷத்தில் அந்த இரும்பைக் கார்மேகம் தொட்டது அன்றுதான். அர்பாபின் உடம்புச் சூடு அதில் இருந்தது.

"கிர்கிஸ்தானுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன். கலாஸ். இனி இது உள்ளே போட வேண்டியது இல்லை. கீழே போறவரைக்கும் நீ இதைத் தூக்கு. குழாயை நான் தூக்கறேன்."

"என்னைய எப்ப அனுப்புவீங்க அர்பாப்?" தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று கார்மேகத்துக்கே ஆச்சரியம். ஒருமுறை நேராகக் கேட்டுப் பழகினால் விடாது போலிருக்கிறது.

"தாள் எழுதப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் என்கூடச் சாப்பிடு."

இறங்குவதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அர்பாப் நான்கு இடத்தில் உட்கார்ந்தார். கார்மேகமும் நான்கு இடத்தில் உட்கார்ந்தார், முட்டிக்காக. கடைசி இறக்கத்தில் மட்டும் அவர் இடது கையைக் கொடுத்தார். அர்பாப் பிடித்துக்கொண்டார்.

பதினோராம் நாள் மத்தியானம், கார்மேகம் கருப்பாயிக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு வர்றேன். ஒரேயடியா."

"போன வருசமும் இதத்தான் சொன்னீக" என்றாள் அவள். அடுப்பில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

"பெட்டியத் தராசுல போட்டாச்சு."

தாளிப்புச் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டாள் போலும்.

"எவ்வளவு காட்டுது?"

கார்மேகம் பெட்டியைத் தூக்கினார். இந்த முறை சோப்பும் இல்லை, போர்வையும் இல்லை. கடைக்குப் போய் வாங்கத் தெம்பு இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவருடையது என்று அந்த அறையில் இருந்ததெல்லாம் அதற்குள் இருந்தது.

"பதினோரு கிலோ."

"முப்பது கிலோ விடுவாங்கல்ல? அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் இருக்கு கருப்பாயி" என்றார் கார்மேகம். பெட்டியை இன்னும் அவர் கீழே வைக்கவில்லை. "பரவால்ல. தூக்குறதுக்கு லேசா இருக்கு."